இராமநாதன் கிருஷ்ணன்

இராமநாதன் கிருஷ்ணன் (பிறப்பு: ஏப்ரல் 11, 1937) இந்தியாவின் முன்னாள் டென்னிஸ் வீரர் ஆவார். கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவிலில் பிறந்தவர். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஒற்றையர் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் ஒற்றையர் பிரிவில் அரையிறுதியை எட்டிய ஒரே இந்திய ஆண் வீரர் இவரே. 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் ஆனார். 1966இல் டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறிய இந்திய அணியின் முதன்மை வீரராகவும் விளங்கினார்.

டென்னிஸ் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் பெரும் போட்டிகளுக்குள் நுழைய இயலாத காலத்தில் இவர் விளையாடினார். எனவே இவரது சாதனைகளை இன்றைய வீரர்களின் சாதனைகளோடு ஒப்பிடுவோர், அக்கால விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. வேணாட்டு அரசர்களின் பழைய தலைநகரான இரணியலும், பின்னர் தலைநகரான பத்மநாபபுரமும் இதே தென்திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்தவை. இந்திய விடுதலைக்குப் பின் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. இரணியல் கல்குளம் வட்டத்திலும், நாகர்கோவில் அகஸ்தீசுவரம் வட்டத்திலும் அமைந்துள்ளன.

எனவே 1954 சூலையில் கிருஷ்ணன் இலண்டனில் இளையோர் பட்டம் வென்றபோது, அவர் பிறந்த ஊர் தமிழகத்தில் இல்லை. இணைப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அடுத்த மாதம் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பழைய குறிப்புகளில் இவரது பிறப்பிடம் திருவிதாங்கூர் என்றும், வேறு சிலவற்றில் தமிழ்நாடு என்றும் காணப்படுவதற்கு இந்த எல்லை மாற்றமே காரணம். இரண்டும் ஒரே ஊரையே குறிக்கின்றன.

இவரது தந்தை டி. கே. இராமநாதன் தாமே ஒரு டென்னிஸ் வீரர். மகனுக்கு முதல் ஆசானும் அவரே. வெளிநாட்டுப் பயிற்சியாளரோ, பயிற்சிக் கழகமோ இன்றி, தந்தை கற்பித்த ஆட்டத்தைக் கொண்டே கிருஷ்ணன் உலக அரங்கில் நுழைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1951இல் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரிய பெர்ட்ரம் போட்டி சென்னையில் நடைபெற்றது. அப்போது பள்ளி வயதினராக இருந்த கிருஷ்ணன் அதில் ஆட, இலயோலாக் கல்லூரி முதல்வர் தனி அனுமதி வழங்கினார். அவ்வாண்டு அப்பட்டத்தைக் கிருஷ்ணனே வென்றார்.

இளையோர் விம்பிள்டன்

1953இல் விம்பிள்டன் இளையோர் இறுதியாட்டத்தில் பிரித்தானியாவின் பில்லி நைட்டிடம் கிருஷ்ணன் தோற்றார். மறு ஆண்டு மீண்டும் இறுதிக்கு வந்து ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் பெற்றார். கூப்பர் சாதாரண வீரர் அல்லர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1958இல், விம்பிள்டன் ஆடவர் பட்டத்தை வென்றவர் அவர். இளையோராக இருந்தபோது கிருஷ்ணன் எந்த நிலையில் இருந்தார் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆட்ட முறை

அக்காலத்தில் பெரும் போட்டிகள் பலவும் புல்தரையில் நடைபெற்றன. புல்தரையில் பந்து தாழ்வாகவும் விரைவாகவும் எழும். ஆகவே வலிமையான சர்வீஸ் ஒன்றை அடித்துவிட்டு உடனே வலையை நோக்கி ஓடி, திரும்பி வரும் பந்தைத் தரையில் படுமுன் அடித்து முடிப்பதே வெற்றிக்கு வழி என்று கருதப்பட்டது. ஆஸ்திரேலிய வீரர்கள் இம்முறையில் தேர்ந்தவர்கள்.

கிருஷ்ணனிடம் அத்தகைய சர்வீஸ் இல்லை. அவரது சர்வீஸ் மென்மையானது. புள்ளியைத் தொடங்கி வைப்பதற்கு மேல் அதனிடம் அவர் எதிர்பார்த்ததில்லை எனலாம். அவரது பலம் வேறிடத்தில் இருந்தது. எதிராளி எங்கே அடிக்கப் போகிறார் என்பதை முன்னரே உணர்ந்து அவ்விடத்தில் நிற்பது, எதிராளியின் வேகத்தையே பயன்படுத்திப் பந்தைத் திருப்புவது, கோட்டருகே குறி தவறாமல் வைப்பது ஆகியவற்றில் அவர் வல்லவர். பந்து தரையில் பட்டு எழும் அக்கணத்திலேயே மட்டையை வைத்துத் திருப்பும் அரை வாலி என்னும் அடியில் அவருக்கு இணையானோர் சிலரே. மரச்சட்ட மட்டைகளின் காலத்தில் இம்மென்மையான ஆட்டம் தொடுகை டென்னிஸ் எனப்பட்டது. சர்வீஸ் வலிமையின்றி புல்தரை விம்பிள்டனில் இருமுறை அரையிறுதியை எட்டியது, அவரது மற்ற அடிகளின் தரத்தைக் காட்டுகிறது.

1959ஆம் ஆண்டு

கிருஷ்ணன் உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவராக அறியப்பட்டது 1959இல்தான். விம்பிள்டனுக்குச் சற்று முன்னர் நடைபெறும் இலண்டன் குயின்ஸ் கிளப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் நீல் ஃபிரேசரை 6-3, 6-0 என்ற கணக்கில் வென்றார். ஆனால் விம்பிள்டனில் மூன்றாம் சுற்றிலேயே அலெக்ஸ் ஒல்மேடோவிடம் தோற்றார். ஒல்மேடோவே அவ்வாண்டு பட்டத்தை வென்றவர். இறுதியில் அவரிடம் தோற்றவர் ராட் லேவர்.

அவ்வாண்டே அமெரிக்காவின் பாஸ்டன் நகரையடுத்த புரூக்லைனில் நடந்த டேவிஸ் கோப்பை மண்டலங்களுக்கிடையிலான ஆட்டத்தில் ஆஸ்திரேலியா இந்தியாவை 4-1 எனத் தோற்கடித்தது. இந்தியாவின் அந்த ஒரு வெற்றி, கிருஷ்ணன் லேவரை நான்கு செட்களில் வீழ்த்தியதாகும். அவ்வாண்டு வெளியான ஓர் உலகத் தரவரிசைப் பட்டியலில் கிருஷ்ணனுக்கு மூன்றாம் இடம் தரப்பட்டது. கணினி வழித் தரவரிசை 1973இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் டென்னிஸ் செய்தியாளர்கள் தத்தம் மதிப்பீட்டின்படி ஆண்டிறுதியில் பட்டியல் வெளியிடுவது வழக்கம். ஆகவே அக்கால வீரர் ஒருவருக்கு இருவேறு பட்டியல்களில் இருவேறு இடங்கள் காணப்படுவதில் வியப்பில்லை.

தொழில்முறை ஒப்பந்தமும் மறுப்பும்

1968 வரை டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளும் டேவிஸ் கோப்பையும் தொழில்சாரா வீரர்களுக்கு மட்டுமே உரியவை. அவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. பயணச் செலவும் தங்கும் செலவும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. போட்டி அமைப்பாளர்கள் சிலர் செலவுக் கணக்கு என்னும் பெயரில் மறைவாகப் பணம் தந்தனர் என்பதும் பலரும் அறிந்ததே. வெளிப்படையாகப் பணம் பெற விரும்பியவர் தொழில்முறைக் குழுவில் சேர வேண்டும். அவ்வாறு சேர்ந்த நாள் முதல் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு அடைக்கப்படும். தொழில்முறைக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று, உள்ளரங்குகளில் விரிக்கப்பட்ட தற்காலிகத் தரைகளில் தமக்குள் மீண்டும் மீண்டும் ஆடினர். ஆட்டத்தின் தரம் உயர்வாக இருந்தும், விம்பிள்டனுக்குக் கிடைத்த புகழ் அவ்வாட்டங்களுக்குக் கிடைக்கவில்லை.

இக்குழுவை நடத்தியவர் அமெரிக்காவின் முன்னாள் விம்பிள்டன் வெற்றியாளர் ஜாக் கிரேமர். ஒவ்வோர் ஆண்டும் தொழில்சாராப் போட்டிகளில் சிறந்து விளங்கியவரைப் பணம் கொடுத்துத் தம் குழுவில் சேர்ப்பது அவரது வழக்கம். ஆஷ்லி கூப்பர், அலெக்ஸ் ஒல்மேடோ ஆகியோர் இவ்வாறு சென்றவர்களே. 1959இல் கிருஷ்ணனையும் கிரேமர் அழைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தர அவர் முன்வந்ததாகக் கூறப்படுகிறது. அன்றைய நாணய மாற்று மதிப்பில் இது ஏழு இலட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை. இருபத்திரண்டு வயது இளைஞரான கிருஷ்ணன் அதனை ஏற்கவில்லை.

இம்முடிவின் விளைவை விதிகளைக் கொண்டே அளந்து பார்க்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் 1960, 1961 விம்பிள்டன் போட்டிகளில் அவர் ஆடியிருக்க முடியாது. டேவிஸ் கோப்பையில் ஒப்பந்தத் தொழில்முறை வீரர்கள் 1973இல்தான் அனுமதிக்கப்பட்டனர். ஆகவே 1966ஆம் ஆண்டின் இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றிருக்க இயலாது. இன்று அவர் பெயரோடு சேர்த்து நினைவுகூரப்படும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இம்மறுப்புக்குப் பின் நடந்தவையே. மறுபுறம், அவர் இழந்த தொகையும் சிறிதன்று. அவரது காலத்தில் எந்த இந்திய விளையாட்டு வீரருக்கும் அத்தகைய வருவாய் எளிதில் கிட்டக் கூடியதாக இல்லை.

விம்பிள்டன் அரையிறுதிகள்

1960இல் ஏழாம் இடம் தரப்பட்ட வீரராக விம்பிள்டனில் நுழைந்த கிருஷ்ணன், காலிறுதியில் சிலி நாட்டின் லூயிஸ் அயாலாவை வென்றார். அரையிறுதியில் நீல் ஃபிரேசரிடம் 3-6, 2-6, 2-6 எனத் தோற்றார். முந்தைய ஆண்டு குயின்ஸ் கிளப்பில் கிருஷ்ணனிடம் தோற்ற அதே ஃபிரேசர் இம்முறை பட்டத்தையும் வென்றார்.

அவ்வாண்டின் மற்றோர் அரையிறுதியில் லேவரிடம் ஐந்து செட்களில் தோற்றவர் இத்தாலியின் நிக்கோலா பியெத்ராஞ்செலி. கிருஷ்ணனைப் போலவே மென்மையும் நுட்பமும் மிக்க ஆட்டக்காரர் அவர். 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றவர். டேவிஸ் கோப்பையில் இத்தாலிக்காக 164 ஆட்டங்கள் ஆடி 120 வெற்றிகள் பெற்றார். இவ்வெண்ணிக்கையை எட்டியவர் வேறெவரும் இலர். அக்காலத் தொழில்சாரா வீரர் ஒருவரின் வாழ்வில் டேவிஸ் கோப்பை எத்துணை இடம் பெற்றிருந்தது என்பதற்கு இவ்விருவரும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

1961இல் கிருஷ்ணன் காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என நேர் செட்களில் வீழ்த்தினார். எமர்சன் அவ்வாண்டு ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பட்டங்கள் இரண்டையும் வென்றவர். பின்னாளில் அவரது கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் பன்னிரண்டாக உயர்ந்தன. கிருஷ்ணனின் விம்பிள்டன் வெற்றிகளில் இதுவே தலைசிறந்தது எனலாம். அரையிறுதியில் லேவரிடம் 2-6, 6-8, 2-6 எனத் தோற்றார். லேவர் அவ்வாண்டு பட்டம் வென்றார். கிருஷ்ணன் தோற்ற இரு அரையிறுதிகளிலும் அவரை வென்றவரே பட்டத்தையும் பெற்றார் என்பது கவனிக்கத்தக்கது.

1962இல் நான்காம் இடம் தரப்பட்டது. விம்பிள்டனில் அவர் பெற்ற மிக உயர்ந்த இடம் அதுவே. ஆனால் கணுக்கால் காயத்தால் போட்டியின் நடுவிலேயே விலக நேர்ந்தது. இவரை விம்பிள்டன் அரையிறுதி கண்ட முதல் ஆசியர் எனச் சிலர் எழுதுவது பிழை. ஜப்பானின் ஜிரோ சாட்டோ 1930களிலேயே அரையிறுதி ஆடியுள்ளார். இந்தியர்களில் கிருஷ்ணனே முதல்வர். அவருக்கு முன் 1939இல் கௌஸ் முகமது காலிறுதி வரை சென்றிருந்தார்.

டேவிஸ் கோப்பை

கிருஷ்ணன் 1953இல் இந்திய டேவிஸ் கோப்பை அணியில் இடம்பெற்றார். ஒற்றையர் ஆட்டங்களில் 50 வெற்றி, 19 தோல்வி. இரட்டையர் ஆட்டங்களில் 19 வெற்றி, 9 தோல்வி. மொத்தம் 97 ஆட்டங்களில் 69 வெற்றி, 28 தோல்வி. ஆடிய ஒற்றையர் ஆட்டங்களின் எண்ணிக்கையும் 69, இரட்டையர் ஆட்டங்களின் எண்ணிக்கையும் 28 என்பதால் இவ்வெண்களைக் குழப்பிக் கொள்ள இடமுண்டு.

டேவிஸ் கோப்பை நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டியாகும். அக்காலத்தில் இரு நாடுகள் மோதும்போது மூன்று நாட்களில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் நடைபெற்றன. ஐந்தில் மூன்றை வென்ற நாடு வெற்றி பெற்றது. 1971 வரை முந்தைய ஆண்டின் வெற்றி நாடு வேறெந்த ஆட்டமும் ஆடாமல் காத்திருக்கும். பிற நாடுகள் மண்டல வாரியாக ஆடி, இறுதியில் எஞ்சும் ஒரு நாடு அதனை அதன் சொந்த மண்ணிலேயே எதிர்கொள்ள வேண்டும். இதற்கு அறைகூவல் சுற்று என்று பெயர். வெற்றி நாட்டுக்குப் பெரிதும் வாய்ப்பான இம்முறை 1972இல் கைவிடப்பட்டது.

1966இல் இந்திய அணியில் கிருஷ்ணனுடன் ஜெய்தீப் முகர்ஜி, பிரேம்ஜித் லால், எஸ். பி. மிஸ்ரா ஆகியோர் இருந்தனர். மேற்கு ஜெர்மனியை வென்ற இந்தியா, அடுத்துக் கல்கத்தாவில் பிரேசிலைச் சந்தித்தது. பிரேசில் அணி அவ்வாண்டு அமெரிக்காவைத் தோற்கடித்து வந்திருந்த வலிய அணி. நான்கு ஆட்டங்களின் முடிவில் இரு நாடுகளும் 2-2 எனச் சமநிலையில் நின்றன. ஐந்தாம் ஆட்டத்தில் கிருஷ்ணன் இடக்கை வீரரான தாமஸ் கோச்சை எதிர்கொண்டார்.

சமன்முறி ஆட்டம் அன்று வழக்கில் இல்லை. இரு ஆட்ட வேறுபாடு கிடைக்கும் வரை ஒரு செட் நீண்டுகொண்டே செல்லும். மூன்றாம் செட் 22 ஆட்டங்கள் வரை நீண்டு கோச்சின் வசமாயிற்று. இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னிலை பெற்ற கோச், நான்காம் செட்டிலும் 5-2 என முன்னேறினார். இன்னும் ஒரே ஓர் ஆட்டத்தை அவர் வென்றிருந்தால் இந்தியா வெளியேறியிருக்கும். அங்கிருந்து கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்று அந்த செட்டைக் கைப்பற்றினார். இறுதிக் கணக்கு 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. இந்திய டென்னிஸ் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படும் ஆட்டங்களுள் இதுவும் ஒன்று.

1921இல் ஜப்பான் அறைகூவல் சுற்றை எட்டிய பின், அந்நிலைக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாவே. 1966 டிசம்பர் இறுதியில் மெல்போர்ன் நகரின் கூயோங் திடலில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. கிருஷ்ணன் தம் ஒற்றையர் ஆட்டங்களில் ஃபிரெட் ஸ்டோலிடமும் எமர்சனிடமும் தோற்றார். எனினும் இரட்டையரில் கிருஷ்ணனும் முகர்ஜியும் ஜான் நியூகோம், டோனி ரோச் இணையை 4-6, 7-5, 6-4, 6-4 என வீழ்த்தினர். நியூகோமும் ரோச்சும் 1965இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்கள்.

ஓய்வு

1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத் நகரில் தொழில்முறை வீரர்களும் தொழில்சாரா வீரர்களும் ஒன்றாகப் பங்கேற்ற முதல் திறந்த போட்டி நடைபெற்றது. அவ்வாண்டு விம்பிள்டனும் அனைவருக்கும் திறக்கப்பட்டது. தொழில்முறைக் குழுவில் சேர்ந்ததால் ஐந்து ஆண்டுகள் விம்பிள்டனிலிருந்து விலக்கப்பட்டிருந்த லேவர், திரும்பி வந்து பட்டத்தை வென்றார். கிருஷ்ணனோ ஏறத்தாழ அதே வேளையில் முன்னணி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. பரிசுப் பணத்துடன் விம்பிள்டன் ஆடும் காலம் தொடங்கியபோது அவரது சிறந்த ஆண்டுகள் முடிந்திருந்தன.

விருதுகள்

அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே அவ்விருதைப் பெற்றவர்களுள் கிருஷ்ணனும் ஒருவர். 1962இல் பத்மஸ்ரீ விருதும், 1967இல் பத்மபூஷண் விருதும் இந்திய அரசால் வழங்கப்பட்டன.

மகன் ரமேஷ் கிருஷ்ணன்

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1961 சூன் 5 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை பட்டம் வென்று 25 ஆண்டுகள் கழித்து, 1979இல், ரமேஷும் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். அவ்வாண்டு பிரெஞ்சு இளையோர் பட்டமும் அவருக்கே கிடைத்தது. தந்தையின் ஆட்டத்திலிருந்த நுட்பமும், மென்மையான சர்வீஸும் மகனிடமும் காணப்பட்டன. மட்டைகள் மரத்திலிருந்து கிராஃபைட்டுக்கு மாறி ஆட்டம் வேகமடைந்த காலத்திலும் அவர் 1981, 1987 அமெரிக்கத் திறந்த போட்டிகளிலும் 1986 விம்பிள்டனிலும் காலிறுதி வரை சென்றார். உலகத் தரவரிசையில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 23.

1974இல் இந்தியா மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணியான தென்னாப்பிரிக்க அரசின் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து ஆட மறுத்தது. மூன்றாம் முறை இறுதியை எட்டியது 1987இல். அவ்வாண்டு சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி 2-2 எனச் சமநிலையில் இருந்தபோது, ஐந்தாம் ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டு சென்றவர் ரமேஷ். இறுதியில் சுவீடன் 5-0 என வென்றது.

தந்தையும் மகனும் தம் டென்னிஸ் வாழ்வைப் பற்றி, விளையாட்டுச் செய்தியாளர் நிர்மல் சேகருடன் இணைந்து 1999இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டனர்.